பதினாறாம் நாளுக்கு ஒரு நினைவு மலர்: டவுன் அச்சகம் ஒன்றின் பணியைப் பற்றி

திருநெல்வேலி டவுனில் ரத வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடிப்படிக்கு அடியில் இயங்கும் ஒரு சிறிய அச்சகம், துட்டி வீடுகளுக்கென்றே, அதாவது சாவு நேர்ந்த வீடுகளுக்கென்றே, தனியாக ஒரு வேலையை எடுத்துச் செய்துவருகிறது. பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்து, சாப்பிட்டுக் கிளம்புகிறவர்களின் கையில் கொடுத்தனுப்பும் நினைவு மலர்தான் அந்த வேலை. அம்மா காலமான ஐந்தாம் நாள் அங்கே போய் 300 பிரதிகளுக்குச் சொல்லிவிட்டு வந்தேன். டெமியில் எட்டில் ஒரு பங்கு அளவு, 16 பக்கம், வண்ண மேலட்டை, நடுவில் பின். உள்ளே, பட்டினத்தார் தம் தாயின் ஈமச் சடங்கில் பாடியதாக வழங்கும் பத்துப் பாடல்களும், ஒவ்வொன்றுக்கும் பதவுரை, பொழிப்புரை ஆகியவையும், கீழே கட்டம் கட்டி 'இப்பாடல் தரும் நீதி' என்ற தலைப்பில் இரண்டு மூன்று வரிகளும் இருக்கும். பிரதிக்கு 28 ரூபாய் வீதம் 8,400 ரூபாய் ஆயிற்று. முன்பணமாக 4,000 கொடுத்தேன்.

இந்தப் பணியில் எனக்கு நிறைவும் உண்டு, மனக்குறையும் உண்டு. குறையைத்தான் நீளமாகச் சொல்லப்போகிறேன் என்பதால் அச்சகத்தின் பெயரை விட்டுவிடுகிறேன். துக்கத்தோடு வருகிற வாடிக்கையாளரிடம் அந்த உரிமையாளர் நடந்துகொள்ளும் விதம் நல்ல விதம். வந்தவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, பேச்சை அவர்களே தொடங்கும்வரை காத்திருக்கிறார். அதன் பிறகுதான் மாதிரிகள் அடங்கிய கோப்பை எடுத்து மேசையில் வைக்கிறார். பாளையங்கோட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளுக்குச் சங்கீத வசனங்களோடு ஒரு மலர், சைவ வீடுகளுக்குத் தேவார திருவாசகப் பதிகங்களோடு ஒன்று, பாட்டே வேண்டாம் என்பவர்களுக்குப் படமும் பெயரும் மட்டும் உள்ள மடிப்பு அட்டை ஒன்று என்று வகைவகையாக இருக்கின்றன. பட்டினத்தார் பாடல்களிலேயே இரண்டு வகை உண்டு. பத்துப் பாடல்களும் உள்ள மலர் ஒன்று. முதல் பாடலையும் கடைசிப் பாடலையும் மட்டும் போட்டு 6 ரூபாய்க்குக் கொடுக்கும் அட்டை மற்றொன்று.

பத்தும் வேண்டும் என்று நான் கேட்டதற்குக் காரணம் உண்டு. அம்மாவிடம் பட்டினத்தார் பாடல் திரட்டு ஒன்று இருந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி எங்கள் தெருவுக்குள் வந்தபோது பரணில் ஏற்றாமல் விட்ட பொருள்களில் அதுவும் ஒன்று. தண்ணீர் வடிந்த பிறகு அது ஒரு சேற்றுக் கட்டியாகத்தான் கையில் வந்தது. அதற்குப் பிறகு அம்மா நினைவிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசி இரண்டு மாதங்களில் பாட்டுகளின் வரிசை மாறிப்போயிற்று. ஒரு பாட்டின் முதலடியில் தொடங்கி வேறொரு பாட்டின் ஈற்றடியில் முடிப்பாள். வரிசையாக, பிழையில்லாமல் அவை ஒருமுறை அச்சில் வரவேண்டும் என்பதுதான் என் ஆசை. ஆகவே இந்த மதிப்பீட்டில் தாளையும் மையையும்விடப் பாடத்தையும் உரையையும் பற்றிய பேச்சே மிகுதியாக இருக்கும்.

தாளைப் பற்றி இரண்டு வாக்கியம் போதும். உள்பக்கத் தாள் நல்ல மேப்லித்தோ, மறுபக்கத்து எழுத்து தெரியாத கனம். எழுத்தின் அளவும் முதியவர்கள் கண்ணாடி தேடாமல் வாசிக்கத்தக்கதாக இருந்தது. அம்மாவின் படத்தை அளவுக்கு மீறி வெளுப்பாக்காமல், நெற்றியின் திருநீற்றுக் கீற்று தெரியும்படி அச்சிட்டிருந்தார்கள்.

சிக்கல் மெய்ப்பில், அதாவது அச்சேறுமுன் பிழை பார்க்கத் தரும் படியில், தொடங்கியது. இரண்டாம் பாடலின் முதலடி 'முந்தித் தவம்கிடந்து முந்நூறு நாள்சுமந்தே' என்பது. மெய்ப்பில் அது 'முன்னூறு' என்று இருந்தது. மூன்று நூறு சேர்ந்தால் முந்நூறுதான். றன்னகரம் போட்டால் எண்ணே போய்விடுகிறது. முதல் பாடலில் 'ஐயிரண்டு திங்களா' என்று மாதக் கணக்கில் சொன்னதைத்தான் இரண்டாம் பாடலில் நாள் கணக்கில் சொல்கிறார். பத்து மாதம், முப்பது முப்பதாக முந்நூறு நாள். மாதத்தை நாளாக உடைத்து எண்ணிப் பார்க்கிற அந்த மனத்தைக் காட்டும் சொல்லில் பிழை வரலாமா? அடுத்தது இன்னும் மோசமானது. 'பெற்ற தாயார் தமக்கோ எரியத் தழல்மூட்டு வேன்' என்ற இடத்தில் 'தமக்கே' என்று ஒட்டியிருந்தார்கள். ஒரு ஓகாரம் ஏகாரமாக மாறியதால், 'இவளுக்கா நான் தீ வைப்பேன்' என்று நெஞ்சு அடைத்துக் கேட்ட கேள்வி, 'இவளுக்குத்தான் தீ வைக்கப்போகிறேன்' என்ற அறிவிப்பாகிவிட்டது. இரண்டு, மூன்று, நான்கு ஆகிய மூன்று பாடல்களும் அந்த ஓகாரத்தின் மேல்தான் நிற்கின்றன.

இதைச் சுட்டியபோது உரிமையாளர் சங்கடப்பட்டார். "மூணு வருசமா இதே ஃபைல்தான் ஓடுது அண்ணாச்சி, இதுவரைக்கும் ஒருத்தரும் சொல்லல. நீங்க குறிச்சுக் குடுங்க, இப்பவே மாத்தச் சொல்லுதேன்" என்றார். டிடிபி பார்க்கும் பெண் என் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு, நான் சொல்லச் சொல்லத் திருத்தினாள். மொத்தம் 14 திருத்தங்கள். தென்னிந்திய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம் 1920இல் தோன்றிய ஊர் இது. அந்த ஊரில் மூன்று ஆண்டுகளாக எத்தனையோ வீடுகளின் பதினாறாம் நாளுக்கு 'தாயார் தமக்கே' போய்க்கொண்டிருந்திருக்கிறது என்று நினைத்தபோது வருத்தமாகத்தான் இருந்தது. துட்டி வீட்டில் யார் மெய்ப்புப் பார்ப்பார்கள் என்பதும் உண்மைதான்.

இனி உரை. முன்னுரைப் பக்கத்தில் பட்டினத்தாரின் கதை இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர், 'காதற்ற ஊசியும் வாராதுகாண் கடைவழிக்கே' என்ற வரியைக் கண்டு துறவு பூண்டவர், தாய் இறந்தால் வந்து கொள்ளி வைப்பேன் என்று சொல்லிச் சென்றவர், சொன்னபடி வந்து பச்சை வாழை மட்டையை அடுக்கிப் பாடியே தீ மூட்டியவர், திருவொற்றியூரில் அடங்கியவர். இது மரபில் வழங்கும் கதை என்று ஒரு சொல் சேர்த்திருக்கலாம். பதினோராம் திருமுறையில் உள்ள பாடல்களும் இவர் பாடியவையே என்று எழுதியிருப்பதை மட்டும் எடுக்கச் சொன்னேன். திருமுறைப் பட்டினத்துப் பிள்ளையாரும் இந்தப் பாடல்களைப் பாடிய பட்டினத்தாரும் வெவ்வேறு காலத்தவர் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. மொழிநடையைப் பார்த்தாலே அது விளங்கும். மறுபேச்சில்லாமல் எடுத்துவிட்டார்கள்.

எனக்கு உண்மையான பிணக்கு அந்தக் கட்டங்களோடுதான். முதல் பாடல் இது:

ஐயிரண்டு திங்களா அங்கமெலாம் நொந்துபெற்றுப்
பையலென்ற போதே பரிந்தெடுத்துச் - செய்யஇரு
கைப்புறத்தில் ஏந்திக் கனகமுலை தந்தாளை
எப்பிறப்பில் காண்பேன் இனி.

இதன் கீழே கட்டத்தில் 'நீதி: தாயைத் தெய்வமாகப் போற்ற வேண்டும்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். தவறான கருத்து என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது இந்தப் பாட்டில் இல்லை. போற்ற வேண்டும் என்று சொல்வதற்குப் போற்றப்படுகிறவள் இருக்க வேண்டுமே. இந்தப் பாட்டில் இறப்பு என்ற சொல் எங்கும் இல்லை. மூன்றரை அடி வரைக்கும் ஒரு பிறப்பின் கதைதான் நடக்கிறது. கடைசிச் சீராக 'இனி' என்ற ஒரு சொல் வந்து விழும்போதுதான் அவள் போய்விட்டாள் என்பது தெரிகிறது. அந்த 'இனி'யைப் பற்றிப் பதவுரையில் 'இனிமேல்' என்று மட்டும் இருக்கிறது.

அதைவிடப் பெரிய செய்தி 'எப்பிறப்பில்' என்பதில் இருக்கிறது. இவர் துறவி. பிறவி வேண்டாம் என்பதுதான் இவருடைய வாழ்நாள் விண்ணப்பம். 'இன்னம்ஓர் அன்னை கருப்பையூர் வாராமல் கா' என்று இருப்பையூர்ச் சிவனிடம் கேட்டவர் இவரே. இன்னொரு தாயின் வயிற்றில் பிறக்கக் கூடாது என்று வேண்டியவர், இந்தத் தாயைப் பார்க்க எந்தப் பிறப்பு வாய்க்கும் என்று கேட்கிறார். பிறப்பறுக்கும் கொள்கையும் பெற்றவளைக் காணும் ஆசையும் ஒரே வாயிலிருந்து வருகின்றன. அவர் அதைச் சமாதானம் செய்யவில்லை, கேள்வியாகவே விட்டுவிட்டார். துறவிக்கும் துக்கம் உண்டு, அதற்காக அவர் வெட்கப்படவும் இல்லை என்பதைத்தான் துட்டி வீட்டில் இருப்பவனுக்கு இந்தப் பாட்டு சொல்கிறது. அடக்கிக்கொள், ஆண்பிள்ளை அழலாமா என்று எனக்குச் சொன்னவர்கள் பலர்; அந்த நேரத்தில் இந்த வெண்பா எனக்குப் பெரிய துணையாக இருந்தது.

'பையலென்ற போதே பரிந்தெடுத்து' என்பதைப் பற்றி என் அக்காவுக்கு வேறு ஒரு கேள்வி இருந்தது. மெய்ப்பை வாங்கி வாசித்துவிட்டு, "ஏன் தம்பி, பொம்பளப் பிள்ளைன்னு சொல்லியிருந்தா எடுத்திருக்க மாட்டாளாக்கும்?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. நீர்மாலை எடுத்ததும், கொள்ளி வைத்ததும் நான். ஆறு ஆண்டுகள் அம்மாவைக் குளிப்பாட்டி உடுத்திவிட்டது அவள். இந்தப் பத்துப் பாடல்களும் மகன் பாடியவை, மகன்கள் வாசிக்கத் தோதானவை. உரை எழுதுகிறவர் இதைப் பார்த்து ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

கூட்டுறவு வங்கியில் வரவு செலவு எழுதியே முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் நான். அதனாலோ என்னவோ, இந்தப் பாடல்களில் எனக்கு முதலில் கண்ணில் படுவது ஒரு பேரேடு. பாடியவரும் வணிகக் குடியில் பிறந்தவர்தான். மூன்றாம் பாடலைப் பாருங்கள்:

வட்டிலிலும் தொட்டிலிலும் மார்மேலும் தோள்மேலும்
கட்டிலிலும் வைத்தென்னைக் காதலித்து - முட்டச்
சிறகிலிட்டுக் காப்பாற்றிச் சீராட்டும் தாய்க்கோ
விறகிலிட்டுத் தீமூட்டு வேன்.

மேலே மூன்றடியும் அவளிடமிருந்து வந்த வரவு. வைத்தாள், காதலித்தாள், சிறகுக்குள் இட்டாள் என்று ஒவ்வொன்றாகப் பதிவு செய்கிறார். ஈற்றடி ஒன்றுதான் இவர் திருப்பிக் கொடுப்பது. வெண்பாவின் ஈற்றடிக்கு நான்கு சீர்கூடக் கிடையாது, மூன்றுதான். கொடுக்க முடிந்தது விறகும் தீயும். சிறகு, விறகு என்ற இரண்டு சொற்களுக்கும் முதலெழுத்து ஒன்றுதான் வேறுபாடு. எதுகைக்காக வந்த சொல் என்று தள்ளிவிட முடியாதபடி, அவள் செய்ததும் இவன் செய்வதும் 'இட்டு' என்ற ஒரே வினையில் அடுத்தடுத்த அடியில் நிற்கின்றன. இந்தப் பாட்டின் கீழ் 'பெற்றோர் கடனைத் தீர்ப்பது பிள்ளைகளின் கடமை' என்று கட்டம் கட்டியிருந்தார்கள். பாட்டு சொல்வது அதற்கு நேர் எதிர். தீராத கடன் என்பதைத்தான் பத்துப் பாட்டிலும் கணக்குப் போட்டுக் காட்டுகிறார். அந்தக் கணக்கை ஒரு வரியில் நேர் செய்துவிட்ட உரைகாரரை எங்கள் வங்கித் தணிக்கையாளரிடம் அனுப்ப வேண்டும்.

பொழிப்புரையில் இன்னொரு நுட்பமும் நழுவிவிட்டது. மூன்றாம் பாடலில் 'சீராட்டும் தாய்', நான்காம் பாடலில் 'காப்பாற்றும் தாய்'. பிணம் சிதையில் கிடக்கிறது. மகனுடைய மொழியில் அவள் இன்னும் சீராட்டிக்கொண்டிருக்கிறாள். ஐந்தாம் பாடலில் 'அழைத்த வாய்' என்று இறந்த காலம் வந்துவிடுகிறது. மலரின் பொழிப்புரை இரண்டு இடத்திலும் 'சீராட்டிய', 'காப்பாற்றிய' என்று எழுதி அவளை முன்கூட்டியே இறந்த காலத்துக்கு அனுப்பிவிட்டது. துட்டி கேட்க வருகிறவர்களிடம் 'அம்மாவுக்குக் காபி ஆகாது' என்று ஒரு வாரம் வரை சொல்லிக்கொண்டிருந்தவன் நான் என்பதால் இது எனக்குத் தைத்தது.

ஐந்தாவதும் ஆறாவதும் வாய்க்கரிசிப் பாடல்கள். இவை இரண்டிலும் பேரேடு தலைகீழாகிறது. கொடுப்பது முதலில் வந்துவிடுகிறது, பெற்றது பின்னால் வருகிறது.

அரிசியோ நானிடுவேன் ஆத்தாள் தனக்கு
வரிசையிட்டுப் பார்த்து மகிழாமல் - உருசியுள்ள
தேனே திரவியமே செல்வத் திரவியப்பூ
மானே எனஅழைத்த வாய்க்கு.

வாய்க்கரிசி இடும்போது அந்த வாயைப் பார்க்காமல் இட முடியாது. எங்கள் வீட்டில் தலைக்கட்டுகள் வரிசையாக வந்து விரலைத் திருப்பி இட்டுப் போனார்கள். என் முறை வந்தபோது கையிலிருந்த அரிசி வியர்வையில் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டது, உதறித்தான் இட வேண்டியிருந்தது. 'தேனே, திரவியமே' என்பவை தாலாட்டுச் சொற்கள். 'சீராட்டும்', 'முத்தாடி', 'கோதாட்டி' என்று இந்தப் பத்துப் பாடல்களில் வரும் சொற்களில் பெரும்பகுதி தொட்டிலுக்குப் பக்கத்தில் புழங்குபவை. நம் பக்கத்தில் பெண்கள் வீட்டு முற்றத்தில் ஒப்பாரி வைப்பார்கள். சுடுகாட்டுக்குப் போகிற ஆண்களுக்கு அழுவதற்கென்று மொழி கிடையாது. தனக்குத் தாய் சொன்ன தாலாட்டையே எடுத்துத் திருப்பிச் சொல்லி அழுகிற வழியை ஒரு துறவி கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார். மலரில் இந்த இரண்டு பாடல்களின் உரை மட்டும் நன்றாக அமைந்திருக்கிறது. சடங்கை விளக்கி நிறுத்திக்கொண்டிருக்கிறார்கள், கட்டமும் ஒற்றை வரிதான்.

ஏழாம் பாடல் 'முன்னை இட்ட தீ முப்புறத்திலே' என்று தொடங்குவது. இது வெண்பா அன்று. மலரில் மற்ற ஒன்பதையும் போலவே இரண்டாம் அடியில் ஒரு கோடு போட்டு இதையும் வெண்பாவாக மடித்திருந்தார்கள்; பிரித்து நான்கு குறளடிபோல் தனித்தனி வரியாக அமைக்கச் சொன்னேன். யாப்பு மாறுகிற இடம் தீ பற்றுகிற இடம். அதுவரை 'மூட்டுவேனோ' என்று மூன்று முறை மறுகியவர், சிவன் திரிபுரத்தில் இட்ட தீ, அனுமன் இலங்கையில் இட்ட தீ என்று வரிசைப்படுத்திக்கொண்டு வந்து, 'அன்னை இட்ட தீ அடிவயிற்றிலே, யானும் இட்ட தீ மூள்க மூள்கவே' என்று முடித்துவிடுகிறார். அன்னை இட்ட தீ என்பதற்கு மலர் 'பசித்தீ' என்று பொருள் சொல்கிறது. அப்படிக் கொள்வோரும் உண்டு. எனக்கு வேறு பொருள் தோன்றுகிறது. தென்காசியிலிருந்து கடைசிப் பேருந்தைத் தவறவிட்டு நள்ளிரவில் வீடு வந்த நாள்களில், கதவைத் திறந்துகொண்டே அம்மா, "வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டுல்லா உக்காந்திருக்கேன்" என்பாள். அந்த நெருப்பு என்று கொண்டால், அவள் இவனுக்காகத் தன் வயிற்றில் வைத்துக்கொண்ட தீயையும் இவன் அவளுக்கு வைக்கிற தீயையும் ஒரே வரிசையில் சேர்க்கிற துணிச்சல் விளங்கும். இதை இலக்கணம் ஏற்குமா என்று தமிழாசிரியர்கள் சொல்லட்டும்.

அம்மாவைத் தகனம் செய்தது எரிவாயு மேடையில், விறகு கிடையாது. நெஞ்சின் மேல் ஒரு கட்டிக் கற்பூரத்தைக் கொளுத்தச் சொன்னார்கள், தட்டு உள்ளே நகர்ந்தது, இரும்புக் கதவு இறங்கியது. மூள்க என்று சொல்ல நேரமே இருக்கவில்லை.

எட்டாம் பாடல் 'வேகுதே தீயதனில் வெந்து பொடிசாம்பல் ஆகுதே' என்று தொடங்கி, 'மாகக் குருவி பறவாமல் கோதாட்டி' வளர்த்த கையைச் சொல்லி, 'கை' என்ற சொல்லிலேயே முடிகிறது. குழந்தையின் மேலே பறவை பறந்தால் ஆகாது என்ற பழைய நம்பிக்கையைப் பதவுரை சரியாகக் குறித்திருக்கிறது. பாராட்ட வேண்டிய இடம் இது. ஆனால் பத்தாம் பாடலுக்கு வரும்போது பெரிய வாய்ப்பைத் தவறவிட்டிருக்கிறார்கள்.

வீற்றிருந்தாள் அன்னை வீதிதனில் இருந்தாள்
நேற்றிருந்தாள் இன்றுவெந்து நீறானாள் - பால்தெளிக்க
எல்லீரும் வாருங்கள் ஏதென்று இரங்காமல்
எல்லாம் சிவமயமே யாம்.

எட்டாம் பாடலின் 'பொடிசாம்பல்' என்பதற்கும், பத்தாம் பாடலின் 'நீறு' என்பதற்கும் பதவுரை 'சாம்பல்' என்றே ஒரே பொருளைக் கொடுத்திருக்கிறது. பொருள் ஒன்றுதான், சொல் மாறியிருக்கிறதே. சாம்பல் அடுப்பில் இருப்பது. நீறு நெற்றியில் இருப்பது. எட்டாம் பாடலில் கண்ணெதிரே வெந்து பொடிசாம்பலான கை, பத்தாம் பாடலில் தாய் முழுவதுமாக நீறாகிறாள். இரண்டுக்கும் நடுவில் ஒன்பதாம் பாடலில் 'வெந்தாளோ, வந்தாளோ, என்னை மறந்தாளோ' என்று சோணகிரி இறைவனை, அதாவது திருவண்ணாமலைச் சிவனை, மூன்று கேள்வி கேட்கிறார். அதற்குப் பதில் வந்ததாகப் பாட்டில் இல்லை. பதில் வராமலேயே சொல் மாறிவிடுகிறது. 'எல்லாம் சிவமயம்' என்ற முடிவு அந்தச் சொல்லுக்குள் முன்பே வந்து உட்கார்ந்துவிட்டது. அம்மாவின் நெற்றித் திருநீற்றை அவ்வளவு அக்கறையாக அச்சிட்டவர்களுக்கு இது படாமல் போனது வியப்புத்தான்.

'பால்தெளிக்க' என்பதற்கு 'பால் ஊற்ற' என்று எழுதி விட்டுவிட்டார்கள். நம் ஊரில் காடாத்து என்று சொல்லும் சடங்குதான் அது என்று ஒரு சொல் போட்டிருந்தால், வாசிக்கிற ஒவ்வொருவருக்கும் மறுநாள் காலையில் ஆற்றங்கரையில் நின்றது நினைவுக்கு வந்திருக்கும். 'நேற்று, இன்று' என்ற சொற்களும் அப்போதுதான் கணக்காகப் பொருந்தும். ஒன்பதாம் பாடலுக்கும் பத்தாம் பாடலுக்கும் இடையில் தீ அடங்கி ஒரு இரவு கழிந்திருக்கிறது. அந்த இரவுக்குப் பிறகுதான் அவர் முதல்முறையாக மனிதர்களைப் பார்த்துப் பேசுகிறார். அதற்கு முன் நெருப்போடு பேசினார், கடவுளோடு பேசினார், பெரும்பாலும் தனக்குள்ளேயே பேசிக்கொண்டார். இங்கேதான் 'எல்லீரும் வாருங்கள்' என்று ஊரைக் கூப்பிடுகிறார். இரங்காதீர்கள் என்று சொல்லும் உரிமை ஒன்பது பாட்டு அழுது தீர்த்தவருக்கு உண்டு. 'நீதி: உடல் நிலையற்றது, ஆகவே துயரப்படக் கூடாது' என்று கட்டம் போட்டவருக்கு அது இருக்கிறதா என்பது ஐயமே. முதல் பாட்டையும் கடைசிப் பாட்டையும் மட்டும் போடும் 6 ரூபாய் அட்டையை நான் வேண்டாம் என்றதும் இதனால்தான். பெற்றாள் என்பதிலிருந்து நேராகச் சிவமயத்துக்குத் தாவிவிட்டால், நடுவில் அரிசியும் இல்லை, விறகும் இல்லை, தீயும் இல்லை.

கட்டங்களை எல்லாம் எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். பாட்டின் பிழைகளை உடனே திருத்திய உரிமையாளர் இதற்கு மட்டும் இசையவில்லை. "எல்லாரும் இதத்தான் அண்ணாச்சி மொதல்ல வாசிக்காங்க. பாட்டு வெளங்காதவங்க கட்டத்தப் பாத்துட்டு மடிச்சு வச்சிருவாங்க" என்றார். அதுவும் ஒரு நியாயம்தான். கடைசியில் முதல், மூன்றாம், பத்தாம் பாடல்களின் கட்டங்களை மட்டும் எடுத்துவிட்டு மற்றவற்றை விட்டுவைத்தோம்.

பதின்மூன்றாம் நாள் தருவதாகச் சொன்ன மலர் பதினைந்தாம் நாள் மாலை ஏழு மணிக்குத்தான் வந்தது. தாமதத்துக்கு என் 14 திருத்தங்களும் ஒரு காரணம் என்பதால் அதை அழுத்திச் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு நாளும் கைப்பேசியை அவர்கள் எடுக்கவில்லை என்பது குறைதான். கட்டுகளைப் பிரித்துப் பார்த்ததில் எட்டுப் பிரதிகளில் பக்கங்கள் முன்பின்னாகப் பின் அடிக்கப்பட்டிருந்தன. அம்மா சொல்லிய வரிசையும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது என்று அக்கா சொல்லி, அந்த எட்டையும் தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டாள்.

பதினாறு அன்று சாப்பாட்டுக்குப் பின் மலரைக் கொடுத்தோம். சிலர் படத்தைப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் செருகினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெரியம்மா பேரனைப் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொன்னாள். எட்டாம் வகுப்புப் படிக்கும் அவன், பள்ளிக்கூடப் பழக்கத்தில் பதவுரையும் நீதியும் விடாமல் வாசிக்கத் தொடங்க, "எலே, பாட்ட மட்டும் வாசி" என்று அதட்டினாள். 'தேனே திரவியமே' என்ற இடம் வந்ததும் மீதியை அவளே சொல்லத் தொடங்கிவிட்டாள்.

ஆர்டர் கொடுக்க நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். பத்துப் பாடல் உள்ள மலரையே கேளுங்கள். வீட்டில் தமிழ் தெரிந்த ஒருவரை, துக்கத்தில் சற்று விலகி நிற்கும் சம்பந்தி வகை ஆளாக இருந்தால் நல்லது, மெய்ப்புப் பார்க்க உடன் அழைத்துப் போங்கள். பத்தாம் நாளுக்குள் மெய்ப்பை முடித்துக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். "அச்சுல ஏறியாச்சுன்னா ஒண்ணும் செய்ய முடியாது பாத்துக்கிடுங்க" என்பதை அவர்களே முதலில் சொல்லிவிடுகிறார்கள். 28 ரூபாய் அந்தத் தாளுக்கும் அச்சுக்கும் நியாயமான விலை. கேட்டதற்கு மேல் ஒரு ரூபாயும் வாங்கவில்லை. பக்கம் மாறிய எட்டுக்கும் பதிலாக வேறு எட்டுப் பிரதிகளை மறுவாரம் ஆள் மூலம் அனுப்பிவைத்தார்கள்.

சென்ற மாதம் உரிமையாளர் தொலைபேசியில் அழைத்தார். வண்ணார்பேட்டையில் ஒரு வீட்டுக்கு இதே மலரைச் செய்வதாகவும், நான் திருத்திய பாடத்தையே போட்டுக்கொள்ளலாமா என்றும் கேட்டார். தாராளமாகப் போடுங்கள், அப்படியே அந்தக் கட்டங்களையும் எடுத்துவிடுங்கள் என்றேன். சற்று யோசித்தார். "எடுத்தா பக்கத்துல பாதி வெள்ளையாத் தெரியுமே அண்ணாச்சி. வெலயக் குறைன்னு கேப்பாங்களே" என்றார்.